ஆறாம் எண் வளையமும் சந்தேகம் வந்த நாளும்

பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேரிடமும் என் அனுபவத்தைப் பேசச் சொல்லி யூனிட்டிலிருந்து கூப்பிட்டார்கள். நின்று பேசினால் எனக்கு வார்த்தை தடுமாறும், எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். வேலையை உங்களுக்கு மற்றவர்கள் கற்றுத் தருவார்கள். சாயத்தில் எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எந்தத் துணியால் துடைப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. இருபத்தேழு வருடம் நீங்கள் இப்போது உட்காரும் அதே மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன். அதில் ஐந்து நாட்களைப் பற்றித்தான் முக்கியமாக எழுதுகிறேன். ஒரு புதன்கிழமை காலையில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை. அந்த ஐந்து நாளும் நான் பயந்துகொண்டே இருந்தேன். அந்தப் பயத்தில் நான் செய்த ஒரு காரியத்தை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

விருத்தாசலத்துப் பீங்கான் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோப்பையும் பொம்மையும் கழிப்பறைத் தொட்டியும்தான். நம் யூனிட்டிலிருந்தும் பெரும்பாலும் நூல் மில்லுக்கான உருப்படிகளும் ஃபியூஸ் கட்டைகளும்தான் போகும். ஆனால் என் கடைசி சில வருடங்களில் இன்னொன்றும் செய்தோம். உள்ளங்கை அகலத்தில் வெள்ளை வளையம். மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு ஆன்டெனா நிலையத்துக்கு அது போனது. நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

அந்த நிலையத்தின் வேலை, வேறு கோள்களுக்குப் போயிருக்கும் கலங்களோடு பேசுவது. பூமி சுழன்றுகொண்டே இருப்பதால் ஒரே ஆன்டெனாவால் ஒரு கலத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் உலகத்தின் மூன்று நான்கு மூலைகளில் இப்படிப்பட்ட நிலையங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்றின் கண்ணிலிருந்து கலம் மறையும்போது அடுத்தது பிடித்துக்கொள்ளும். அந்தச் சமயம் வேறொரு நாட்டின் கலம் செவ்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அது படம் எடுக்கப் போகும் கலம் இல்லை. செவ்வாயின் தரையில் இருக்கும் கருவிகள் தரும் தகவலை வாங்கி வைத்துக்கொண்டு, பூமி தெரியும் நேரத்தில் இங்கே அனுப்பிவைப்பதற்காகப் போன கலம். ஒரு தபால் நிலையத்தையே கொண்டுபோய் அங்கே நிறுத்துவது மாதிரி. நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது செவ்வாயை அடையும் நாள். அந்த நேரத்தில் இந்தியப் பக்கம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு அதோடு பேசும் பொறுப்பு, நம் வளையம் மாட்டியிருந்த டிரான்ஸ்மிட்டருக்கு.

டிரான்ஸ்மிட்டரில் எண்ணெய் நிறைந்த ஒரு இரும்புத் தொட்டி இருக்கிறது. உயர் மின்சாரம் அதன் கழுத்து வழியாகத்தான் உள்ளே போகும். அந்த மின்சாரம் இரும்பைத் தொட்டுவிடாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பது நம் பீங்கான் வளையம். வளையத்தில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் ஒருநாள் மின்சாரம் அதன் வழியே பாயும். பாய்ந்தால் எண்ணெய் தீப்பிடிக்கும்.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். சாயத் தொட்டியைக் கழுவுவதற்காக மூடியைக் கழற்றினேன். விரிசலைக் கண்டுபிடிக்க, சிவப்புச் சாயத்தில் பீங்கானை மூழ்கவைத்து, காற்றழுத்தம் கொடுத்து ஊறவிடுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். அழுத்தம் இருந்தால்தான் சாயம் நுண்ணிய விரிசலுக்குள் போகும். இல்லையென்றால் மேலாக நனைந்துவிட்டு, துடைத்தவுடன் போய்விடும். மூடியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அழுத்தம் காட்டும் கேஜ் கண்ணில் பட்டது. தொட்டி திறந்து கிடக்கிறது. முள் வழக்கமான இடத்தில், முழு அழுத்தத்தில் நிற்கிறது.

நகத்தால் கண்ணாடியைத் தட்டினேன். முள் அசையவில்லை. கேஜைத் திருகிக் கழற்றிக் கையில் எடுத்தேன். எதிலும் மாட்டாமல், என் கையிலேயே, அது முழு அழுத்தம் காட்டியது.

  எத்தனை நாளாக அது அப்படி நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியாகச் சரிபார்த்தது நான்கு மாதத்துக்கு முன்னால். கம்பிரசர் ஓடும் சத்தம் கேட்கும், முள் சரியான இடத்தில் இருக்கும், நான் கையெழுத்துப் போடுவேன். காற்றுக் குழாயை ஊதிப் பார்த்தேன், எங்கோ அடைப்பு. தொட்டிக்குக் காற்றே போகவில்லை. முள் ஏதோ ஒருநாள் ஏறி, அங்கேயே சிக்கிக்கொண்டது. நான்கு மாதமாக நான் செய்த எந்தப் பரிசோதனையும் பரிசோதனை இல்லாமல் போயிருக்கலாம். அந்த நான்கு மாதத்தில் நிலையத்துக்கு ஒரு பேட்ச் போயிருந்தது. ஆறு வளையங்கள். ஆறாவதுதான் டிரான்ஸ்மிட்டரில் மாட்டப்பட்டிருக்கிறது என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த பேட்ச் சூளையில் ஆறிக்கொண்டிருந்தபோது சிறிது நேரம் மின்சாரம் நின்றது என்று சூளை பார்க்கும் அந்தோணிசாமி தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். அவர் அன்றைக்கே என்னிடம் வாயாலும் சொல்லியிருந்தார். திடீரென்று ஆறினால் பீங்கான் விரிசல் விடும். அதனால்தான் நான் கூடுதல் கவனமாகச் சாயச் சோதனை செய்தேன். வளையங்களில் ஒரு சிவப்புக் கோடுகூடத் தெரியவில்லை என்று எழுதினேன். தெரியாமல் போனதற்குக் காரணம் இப்போது என் கையில் இருந்தது.

அந்த நிமிடமே நிலையத்துக்குப் போன் செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. முதலாளி சென்னைக்குப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டேன். கேஜ் பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மாற்றிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு வளையம் கூடுதலாகச் சுட்டு அலமாரியில் வைப்போம் அல்லவா, அந்த சாம்பிளை எடுத்து நல்ல கேஜோடு மறுபடி சோதித்துவிடலாம். சிவப்புக் கோடு வந்தால் சொல்வோம். வராவிட்டால் யாரையும் கலவரப்படுத்தத் தேவையில்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பயப்படுகிறவர்களுக்கு நியாயமான காரணங்கள் எங்கிருந்தோ கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அந்தோணிசாமி குழாயைச் சுத்தம் செய்து வேறு கேஜ் மாட்டிக் கொடுத்தார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், என்னைவிட இரண்டு வயது சிறியவர், அதிகம் பேச மாட்டார். சாம்பிள் வளையத்தை உள்ளே வைப்பதைப் பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. எந்த பேட்ச் என்று கேட்டார். சொன்னேன். பக்கத்திலிருந்த ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

சாயம் மாலை வரை ஊற வேண்டும், பிறகு கழுவி, இரவு முழுக்க உலர வேண்டும். ஆறரை மணிக்கு வளையத்தைக் கழுவி உலர்த்தும் அடுப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். என் கணவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வேலை அதிகம் என்றேன். அன்றிரவு தூங்கவில்லை என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே யூனிட்டைத் திறக்கச் சொல்லி வந்துவிட்டேன். அடுப்பிலிருந்து வளையத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. என் சுண்டு விரல் நகத்தின் நீளம்கூட இருக்காது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது அதிர்ச்சி இல்லை. நேற்றுக் காலை பத்து மணியிலிருந்தே இது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் அப்போது புரிந்தது.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். வளையத்தையும் கேஜையும் அவர் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். பதினாறு பேர் அந்த யூனிட்டை நம்பி இருந்தார்கள், அவருக்கு அந்தப் பயம்.  சாம்பிளில் கோடு இருந்தால் ஆறாம் எண்ணிலும் இருக்கும் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். நிச்சயம் இல்லை என்றேன்.

"அங்க மாட்டி ரெண்டு மாசமா ஓடிக்கிட்டுத்தானே இருக்குது? இன்னும் மூணு நாளு. ஞாயித்துக்கெழம அவங்க வேல முடிஞ்சிடுது. திங்கக்கெழம நாமளே போன் பண்ணி, வளையத்த மாத்திக் குடுக்குறோம்னு சொல்லிடலாம், ராஜகுமாரிம்மா. ஒருத்தருக்கும் நஷ்டமில்ல."

எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைக்காமல் சொல்கிறேன். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்ற எண்ணம் எனக்கு இனித்தது. சரிங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது வாசலில் நின்ற அந்தோணிசாமி பேசினார்.

"அந்தத் தொட்டிகிட்ட ஆளுங்க போவாங்களா, யக்கா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் கலத்தைப் பற்றி நினைத்திருந்தேன், யூனிட்டைப் பற்றி நினைத்திருந்தேன், என் கையெழுத்தைப் பற்றி நினைத்திருந்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஆள் நிற்பார் என்று ஒரு முறைகூட நினைக்கவில்லை.

போனை எடுத்தேன். எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். அந்தோணிசாமி சர்டிபிகேட் கோப்பைப் பிரித்து, நிலையத்து எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். முதலாளி தடுக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

எடுத்தவர் டிரான்ஸ்மிட்டர் பொறுப்பில் இருந்த பொறியாளர். அதற்கு முன் அவரோடு இரண்டு மூன்று முறை பேசியிருக்கிறேன். முகம் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. இந்த வேலையில் எனக்கு யாராவது ஆசான் உண்டென்றால் அவர்தான். நான் நடந்ததைச் சொல்லி முடித்தேன்.  பிறகு லைனை வைத்துவிட வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்த யாரிடமோ திரும்பினார்.

"டிரான்ஸ்மிட்டர் ரூமை உடனே காலி பண்ணுங்க. யாரும் உள்ள போகக் கூடாது. எதையும் ஆஃப் பண்ண வேண்டாம். ஆளுங்க மட்டும் வெளிய வந்தா போதும்."

முதலில் ஆட்கள். அடுத்துதான் இயந்திரம். செவ்வாய்க் கலத்தைப் பற்றி அவர் அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்ட செய்தி வந்தால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தக் கால் நிமிடத்தில்.

பிறகு என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். மாட்டியிருப்பது ஆறாம் எண்தானா? சாம்பிளில் கோடு எவ்வளவு நீளம், உள்ளேயா வெளியேயா? மூன்றாவது, எப்போது தெரிந்தது? முதல் இரண்டுக்கும் உண்மையைச் சொன்னேன். மூன்றாவதற்கு, இன்று காலை என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "நல்லவேளை மேடம். நேத்து மதியம் நம்ம ஆள் ஒருத்தர் ஒரு மணி நேரம் அந்தத் தொட்டி பக்கத்துலயே நின்னு எண்ணெய் பாத்துருக்கார். நேத்து உங்களுக்குத் தெரியாதே, அதுக்கு என்ன பண்றது."

நேற்றே தெரியும் என்று நான் திருத்தவில்லை. அவருக்கும் அவசரம். பத்து நிமிடத்தில் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டபோது அவர் கேட்டது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. டிரான்ஸ்மிட்டர் இப்போது குறைந்த சக்தியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழு சக்திக்கு ஏற்றுவதாக ஏற்பாடு. வளையத்தை மாற்ற வேண்டுமென்றால் வாரக்கணக்கில் ஆகும். இப்போது அணைத்துவிடுவதா, இப்படியே ஓடவிடுவதா? பீங்கானைப் பற்றி எங்களைவிட உங்களுக்குத் தெரியும், நீங்கள் சொல்லுங்கள் என்றார். நேற்றே சொல்லாமல் மறைத்தவளிடம் அவர் யோசனை கேட்டார். அது அவருக்குத் தெரியாது.

 போனைக் கையால் பொத்திக்கொண்டு அந்தோணிசாமியிடம் கேட்டேன். முப்பது வருடம் சூளைக்கு முன் நின்றவர் அவர்.

"சூடா இருக்குற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கும், யக்கா. ஆறும்போதுதான் பொளக்கும். அதுவும் சூட்ட ஏத்தி எறக்குனா தாங்காது."

அதையே என் வார்த்தையில் சொன்னேன். அணைக்க வேண்டாம். சக்தியைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இப்போது இருக்கும் சூட்டிலேயே வைத்திருங்கள், எவ்வளவு நாள் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். அந்த ஒரு பதிலில் மட்டும் எனக்கு இப்போதும் வெட்கம் இல்லை.

அவர் ஒரு முடிவு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் கலத்துக்குச் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் முன்கூட்டியே, இப்போதிருக்கும் குறைந்த சக்தியிலேயே, மெதுவாக அனுப்பிவிடுவது. சக்தி குறைந்தால் வேகம் குறையும். சில மணி நேரத்தில் போக வேண்டியது இரண்டு நாள் எடுக்கும். கலம் அவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் பூமியைக் கேட்காமல் தானாகவே இன்ஜினை இயக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். கலத்தின் சொந்தக்காரர்களிடம் அன்றே பேசினார். வேறு நிலையங்களையும் கேட்டுப் பார்த்தார்கள். அந்த நேரத்துக்கு வேறு எதற்கும் அந்தப் பக்கம் தெரியாது, அதற்கு முந்திய நாட்களில் அவற்றின் நேரம் வேறு கலங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சம்மதித்தார்கள்.

ஒரு கட்டளை இங்கிருந்து புறப்பட்டால் அங்கே போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம். கிடைத்தது என்று பதில் வர இன்னொரு பன்னிரண்டு நிமிடம். வியாழன் மதியத்திலிருந்து சனி மதியம் வரை, கலம் கண்ணுக்குத் தெரிந்த நேரமெல்லாம் இப்படியே போனது. ஏதாவது ஒரு கட்டளைக்கு நடுவில் அந்த வளையம் உடைந்தால், கலத்திடம் பாதி வாக்கியம்தான் இருக்கும். பாதி கட்டளையோடு செவ்வாயை நெருங்கினால் அது நிற்காது. கடந்து போய்க்கொண்டே இருக்கும். பத்து வருடம் பலர் உழைத்தது, இனி யாராலும் கூப்பிட முடியாத இடத்துக்குப் போய்விடும்.

நான் விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பீங்கான் தட்டினால் கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது டொக்கென்று கேட்கும். அந்த இரண்டு நாளும் எனக்கு எல்லாமே டொக்கென்றுதான் கேட்டது. நல்ல கட்டைகளையும் ஒதுக்கி வைத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் போன் அடித்தபோது கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டுவிட்டேன். நூல் மில்லிலிருந்து ஏதோ ஆர்டர் பற்றிக் கேட்டார்கள். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

சனிக்கிழமை மாலை நான்கரைக்குப் பொறியாளர் கூப்பிட்டார். கடைசிக் கட்டளை போய்ச் சேர்ந்து, பதிலும் வந்துவிட்டது என்றார். எப்படியும் ஒருநாள் அணைத்துத்தான் ஆக வேண்டும், ஆள் இல்லாத நேரத்தில் நாங்களே சக்தியைப் படிப்படியாகக் குறைத்து அணைக்க ஆரம்பித்தோம் என்றார்.

"இருபது நிமிஷத்துல வெடிச்சிடுச்சு, மேடம். தொட்டி கழுத்தே பிஞ்சு போச்சு. எண்ணெய் எரிஞ்சு ரூம் முழுக்கக் கரி. உள்ள யாரும் இல்ல."

 யாரும் இல்லை என்பதை அவர் இன்னொரு முறை சொன்னார், எனக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நிலையத்துக்குப் பேச வாய் இல்லை. கேட்கக் காது மட்டும் இருந்தது. வாங்கும் கருவி வேறு கட்டடத்தில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மதியம் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துவிட்டது. இன்ஜின் ஓடியதா, நின்றதா, யாருக்கும் தெரியாது. அது வெளியே வந்து குரல் கொடுத்தாலும், அந்தக் குரல் நம்மிடம் வரப் பன்னிரண்டு நிமிடம். எது நடக்க இருந்ததோ அது நடந்து முடிந்துவிட்டது, நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அந்த நேரம் நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். ஒன்றே முக்காலுக்குப் பொறியாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "கேட்டுவிட்டது." அந்த ஒற்றைச் சொல்தான். இன்ஜின் சரியாக ஓடி, கலம் செவ்வாயிடம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள்.

கணவர் என்ன என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன், அழுகை வந்துவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இரண்டு வாரம் கழித்து விசாரணைப் படிவம் வந்தது. அதில் ஒரு கட்டம்: பழுது தெரியவந்த நாளும் நேரமும். முதலாளி எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை காலை ஏழு மணி என்று எழுதச் சொன்னார். அது பொய்யும் இல்லை என்றார்.

"செவப்புக் கோடு அப்பத்தானே தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி வெறும் சந்தேகந்தானேம்மா? சந்தேகத்தையெல்லாம் எழுதச் சொல்லலியே."

போனில் நான் சொன்னதும் அதுதான். அதையே எழுதினால் எல்லாம் பொருந்திப் போகும். பேனாவை மூடி வைத்தேன். கேஜ் என் கையிலேயே முழு அழுத்தம் காட்டிய அந்த நிமிடம் கண் முன்னால் வந்தது. அதற்குப் பிறகு நான் சாம்பிளைச் சோதித்தது உண்மையைத் தெரிந்துகொள்வதற்காக இல்லை. ஒரு நாளைத் தள்ளிப் போடுவதற்காக. நான் படிவத்தில் எழுதினேன்: புதன்கிழமை, காலை பத்து மணி. அதற்குக் கீழே, வியாழக்கிழமை போனில் தவறாகச் சொன்னேன் என்றும் எழுதினேன்.

முதலாளி அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.  ஒரு வருடம் எனக்குச் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாமல் போனது. பேக்கிங்கில் வைக்கோல் சுற்றினேன். வளையம் செய்யும் வேலை நம் யூனிட்டுக்கு மூன்று வருடம் கழித்துத்தான் திரும்ப வந்தது, அதுவும் பாதி. பொறியாளர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கோபமா, வேலை மாறிப் போனாரா, எனக்குத் தெரியாது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சந்தேகம் வந்த நேரம்தான் தெரிந்த நேரம். ஆதாரம் கிடைத்த பிறகு சொல்கிறேன் என்று உங்கள் மனது சொன்னால், அது ஆதாரத்துக்காகக் காத்திருக்கிறதா, தைரியத்துக்காகக் காத்திருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத ஊரில், உங்களுக்குத் தெரியாத ஒருவர், நீங்கள் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். சந்தேகத்தைச் சொல்லிவிட்டு, பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நான்கு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்த ஒருவரை நான் பார்த்தேன். படிவம் போன இரண்டு மாதத்தில், உடைந்த வளையத்தின் துண்டுகளை நம் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக நிலையத்திலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். சிவநேசன் என்று பெயர், சேலம் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்குள் இருக்கும். துண்டுகளைப் பஞ்சில் பொதிந்து ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தார். உள் விளிம்பில், சாம்பிளில் பார்த்த அதே இடத்தில், பழைய விரிசலின் தடம் இருந்தது. குறிப்பு எழுதிக்கொண்டார். வேலை முடிந்ததும் அவரை பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்தோம்.

டீயைப் பாதி குடித்த பிறகு, தப்பாக நினைக்கவில்லை என்றால் ஒன்று கேட்கலாமா என்றார். கேளுங்க என்றேன்.

"நான் உங்க ரிப்போர்ட்ட படிச்சேன், மேடம். புதன்கிழமை மதியம் அந்தத் தொட்டிகிட்ட நின்னது நான்தான். மூணு மணியிலருந்து நாலு மணி வரைக்கும். அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். தவித்துக்கொண்டிருந்தேன், யாரிடம் சொல்வது என்று அலைந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஓரளவு உண்மைதான்.

"சாப்டுக்கிட்டு இருந்தேங்க," என்றேன். "வூட்லருந்து கொண்டாந்த சோறு. லேட்டாயிடுச்சு. சாப்ட்டுட்டு, தல வலிக்குதுன்னு மேஜையில கொஞ்ச நேரம் கவுந்து படுத்தேன்."

அவர் தலையை ஆட்டினார்.  மீதி டீயைக் குடித்து முடித்து, இரண்டு டம்ளரையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். வேப்பூர் வழியாகப் போகும் சேலம் பஸ் அதற்குள் கிளம்பத் தயாராகிவிட்டது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் ஏறியவர், திரும்பி, போயிட்டு வரேன் மேடம் என்றார்.

வாங்க என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்வதுதான். எனக்கு வாய் வரவில்லை. பஸ் திருப்பத்தைத் தாண்டும் வரை கையை மட்டும் உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தேன்.